புயல் வருகிறது, ஒளி தெரியுமா? சூரியப் புயலில் துருவ ஒளி தேடும் முயற்சி குறித்து ஓர் ஆய்வு

2024 மே 10, வெள்ளிக்கிழமை. உலக நேரப்படி மாலை 5 மணியளவில் பூமியின் காந்தப்புலம் திடுமென அதிர்ந்தது. இரவு 10.54க்கு அந்தப் புவிக்காந்தப் புயல் ஜி-5 என்னும் உச்சப் படிநிலையைத் தொட்டது. 2003 அக்டோபருக்குப் பிறகு அந்த நிலை எட்டப்பட்டது அப்போதுதான். வழக்கமாக அலாஸ்கா, வட நார்வே போன்ற வடகோடிப் பகுதிகளில் மட்டும் தெரியும் துருவ ஒளி அன்று தென் இங்கிலாந்திலும் ஃப்ளோரிடாவிலும் மெக்சிகோவிலும் கேனரித் தீவுகளிலும் தெரிந்தது. லடாக்கின் ஹான்லேயில் உள்ள இந்திய வானியல் ஆய்வகத்தின் கேமராக்களில் வடக்குத் தொடுவானம் சிவந்து பதிவானது.

மறுநாளும் கடும் புயல் தொடரலாம் என்று முன்னறிவிப்பு வந்தது. முதல் இரவைத் தவறவிட்டவர்கள் நம்பிக்கையோடு வெளியே வந்தார்கள். பல நாடுகளில் அந்தக் காட்சி திரும்பவில்லை.

அறிவிப்பு இருந்தும் ஒளி வராததற்குக் காரணம் என்ன? சூரியனை இரவும் பகலும் விண்கலங்கள் கண்காணிக்கும் இக்காலத்தில், ‘இன்றிரவு, இந்த இடத்தில் துருவ ஒளி தெரியுமா’ என்ற எளிய கேள்விக்கு எவ்வளவு முன்னதாக, எவ்வளவு உறுதியாக விடை சொல்ல முடியும்? இக்கட்டுரை ஆராய்வது இதைத்தான். புயலின் வருகையை நாள்கணக்கில் முன்பே சொல்லிவிடலாம். ஒளியின் வருகையை ஏறக்குறைய அரைமணி, ஒரு மணி நேரம் முன்னால்தான் சொல்ல முடியும். இந்த இடைவெளியைப் புரிந்துகொண்டவருக்கே காத்திருப்பு கைகொடுக்கும்.

ஒளி பிறக்கும் விதம்

சூரியக் கரும்புள்ளிகள் உள்ள பகுதிகளில் காந்தப்புலம் முறுக்கேறிக் கிடக்கும். அந்த முறுக்கு உடையும்போது இரண்டு நிகழ்வுகள் நேரலாம். ஒன்று, சுடர்வெடிப்பு. அதன் எக்ஸ் கதிர்களும் ஒளியும் எட்டேகால் நிமிடத்தில் பூமியை அடைந்துவிடும். மற்றொன்று, சூரியனின் வெளிவளிமண்டலமான கரோனாவிலிருந்து கோடிக்கணக்கான டன் மின்மப் பொருள், தன் காந்தப்புலத்தையும் சுமந்துகொண்டு வீசி எறியப்படுவது. கரோனா வீச்சு எனப்படும் இது பூமிக்கு வந்து சேர ஒரு நாளுக்குக் குறைவாகவும் ஆகலாம், மூன்று நான்கு நாளும் ஆகலாம். துருவ ஒளியைத் தேடுபவருக்கு முக்கியமானது இந்த இரண்டாவதுதான். மாபெரும் சுடர்வெடிப்பு நடந்தும் பூமியை நோக்கி வீச்சு எதுவும் வராவிட்டால் வானம் இருளாகவே இருக்கும்.

சூரியத் துகள்கள் நேராகத் துருவங்களுக்குள் கொட்டுகின்றன என்று பாடப்புத்தகங்களில் சுருக்கமாகச் சொல்வதுண்டு. நடப்பது அதைவிடச் சுற்றுவழியானது. பூமியின் காந்தப்புலம் பகல் பக்கத்தில் வடக்கு நோக்கி இருக்கிறது. வந்து மோதும் வீச்சின் காந்தப்புலமும் வடக்கு நோக்கி இருந்தால், தாழிட்ட கதவைத் தட்டியதுபோல அதன் ஆற்றலில் பெரும்பகுதி வெளியிலேயே விலகிப் போய்விடும். தெற்கு நோக்கி இருந்தால் இரண்டு புலங்களும் இணைந்து திறந்துகொள்ளும். இந்த இணைப்பை 1961இல் விளக்கியவர் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜேம்ஸ் டங்கி. திறந்த வழியே நுழையும் ஆற்றல், பூமியின் இரவுப் பக்கத்தில் வால்போல நீண்டிருக்கும் காந்தப்பரப்பில் சேர்கிறது. அது வெடித்து விடுபடும்போது எலக்ட்ரான்கள் முடுக்கப்பட்டுக் காந்தக் கோடுகள் வழியே மேல்வளிமண்டலத்தில் பாய்கின்றன.

பாயும் எலக்ட்ரான் எந்த உயரத்தில் எந்த அணுவைத் தாக்குகிறது என்பதே நிறத்தைத் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 100 முதல் 150 கி.மீ. உயரத்தில் ஆக்சிஜன் அணு 557.7 நானோமீட்டர் பச்சை ஒளியை உமிழ்கிறது. 200 கி.மீ.க்கு மேலே, காற்று மிக மெலிந்த இடத்தில், அதே ஆக்சிஜன் 630 நானோமீட்டர் சிவப்பை உமிழ்கிறது. பச்சையை உமிழக் கிளர்ந்த அணுவுக்கு ஒரு நொடிகூடத் தேவையில்லை. சிவப்புக்கு இரண்டு நிமிடம் அளவுக்கு ஆகும். அதற்குள் வேறோர் அணு மோதினால் அந்த ஆற்றல் ஒளியாகாமலே போய்விடும். அதனால்தான் சிவப்பு உயரத்தில் மட்டுமே தோன்றுகிறது. அதன் விளிம்பு மங்கலாகவும் அசைவு மெதுவாகவும் இருக்கிறது. பச்சைத் திரை நொடிக்கு நொடி மடிந்து விரிகிறது. ஊதாவும் இளஞ்சிவப்பும் நைட்ரஜனின் கொடை.

அறிந்துகொண்ட வரலாறு

தொலைதெற்கில் தெரியும் துருவ ஒளி மனிதர்களை அச்சுறுத்தியே வந்திருக்கிறது. ரோமப் பேரரசர் டைபீரியஸ் காலத்தில் வானம் சிவந்ததைக் கண்டு, ஓஸ்டியா நகரம் தீப்பிடித்துவிட்டது என்று எண்ணிப் படைவீரர்கள் உதவிக்கு ஓடியதை செனக்கா எழுதியிருக்கிறார். ஜப்பானியக் கவிஞர் ஃபுஜிவாரா நோ தெய்க்கா 1204ஆம் ஆண்டு கியோட்டோவின் வடவானில் கண்ட செந்நிறத்தைத் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார்.

அளவிட்டு அறியும் முயற்சி 18ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. 1741இல் சுவீடனின் உப்சாலாவில் ஆண்டர்ஸ் செல்சியஸும் ஓலோஃப் யோர்ட்டரும், துருவ ஒளி தோன்றும்போது காந்தமுள் நடுங்குவதைக் கண்டறிந்தார்கள். 1859 செப்டம்பர் 1 காலை, ஆங்கில வானியலாளர் ரிச்சர்ட் கேரிங்டன் சூரியக் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது அவற்றின் மேல் வெள்ளொளி ஒன்று பளிச்சிட்டது. ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் தனியே வேறிடத்திலிருந்து அதையே கண்டார். ஏறத்தாழ பதினேழரை மணி நேரம் கழித்துப் பூமியைப் பெரும்புயல் தாக்கியது. கியூபாவிலும் ஹவாயிலும் ஒளி தெரிந்தது. பாஸ்டனுக்கும் போர்ட்லாண்டுக்கும் இடையே தந்தி ஊழியர்கள் மின்கலத்தைத் துண்டித்துவிட்டு, வானிலிருந்து கம்பியில் தூண்டப்பட்ட மின்னோட்டத்திலேயே செய்தி அனுப்பினார்கள்.

அந்தப் புயலின் வலிமையை இன்று மதிப்பிட உதவும் மிக முக்கியமான சான்று பம்பாயின் கொலாபா ஆய்வகத்தின் பதிவு. அங்கிருந்த காந்தமானி, கிடைத்திசைப் புலம் ஏறக்குறைய 1600 நானோடெஸ்லா சரிந்ததைக் காட்டியது. 1872 பிப்ரவரி 4ஆம் நாள் புயலில் பம்பாயிலேயே துருவ ஒளி தென்பட்டதாகப் பதிவு உண்டு.

நார்வேயின் கிறிஸ்டியான் பிர்க்கெலண்ட், காந்தமூட்டிய உருண்டையை வெற்றிடப் பெட்டியில் வைத்து எலக்ட்ரான்களைப் பாய்ச்சி, துருவ ஒளியின் சிறு வடிவத்தை ஆய்வகத்திலேயே உருவாக்கினார். அவர் நாட்டவரான கார்ல் ஸ்டோர்மர், இரண்டு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் எடுத்த படங்களைக் கொண்டு ஒளியின் உயரத்தைக் கணக்கிட்டார். சூரியக் காற்று என்ற கருத்தை 1958இல் யூஜின் பார்க்கர் முன்வைத்தார். துருவ ஒளி ஓரிரவில் அடையும் மாற்றங்களை ஒழுங்குபடுத்தி 1964இல் விளக்கியவர் அலாஸ்காவில் பணியாற்றிய ஜப்பானியர் சுன்-இச்சி அகசோஃபு. அமைதியான வில், திடீர் வெடிப்பு, பிறகு மெல்ல அடங்குதல் என்ற அவருடைய துணைப்புயல் வரைவு, இன்றும் வெட்டவெளியில் காத்து நிற்பவருக்கு நேரடியாகப் பயன்படும் அறிவு.

முன்னறிவிப்பின் மூன்று படிகள்

கணிப்பின் முதல் படி சூரியனிலேயே தொடங்குகிறது. 1995இல் ஏவப்பட்ட சோஹோ விண்கலம், சூரிய வட்டை மறைத்துக் கரோனாவைப் படமெடுத்து வந்துள்ளது. வீச்சு எந்தத் திசையில், எந்த வேகத்தில் கிளம்பியது என்பதை இப்படங்களிலிருந்து மதிப்பிடுகிறார்கள். 2024 மே மாதத்தில் 13664 என்று எண்ணிடப்பட்ட கரும்புள்ளிக் கூட்டம் பூமியைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு அகலம் பரந்திருந்தது. மே 8 முதல் அதிலிருந்து பல வீச்சுகள் பூமியை நோக்கி அடுத்தடுத்துக் கிளம்பின. அமெரிக்காவின் விண்வெளி வானிலைக் கணிப்பு மையம் 2005க்குப் பிறகு முதன்முறையாக ஜி-4 எச்சரிக்கையை முன்கூட்டியே விடுத்தது. வந்ததோ ஜி-5.

இரண்டாம் படி, பயணம். பின்னால் வேகமாக வரும் வீச்சு முன்னால் சென்றதை எட்டிப் பிடித்து அதனோடு கலக்கலாம். சூரியக் காற்று அதை மெதுவாக்கலாம். வந்துசேரும் நேரத்தைக் கணிப்பதில் சராசரியாக 10 மணி நேரம் வரை பிழை நேர்வது இன்றும் இயல்பு. இரவில் மட்டுமே தெரியும் ஒளிக்கு 10 மணி நேரம் என்பது சிறிய பிழை அன்று. ஐரோப்பாவின் இரவுக்கென எதிர்பார்த்த புயல் அங்கே விடிந்த பிறகு வந்தால், அதன் பலன் அமெரிக்காவுக்குப் போய்விடும்.

வீச்சு திசைமாறிப் போவதும் உண்டு. 2014 ஜனவரி 7இல் சூரிய வட்டின் நடுப்பகுதிக்கு அருகே பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. கடும் புயல் வரும் என்று எச்சரித்தார்கள். ஆனால் அருகிலிருந்த வலிய காந்தப்புலங்கள் அந்த வீச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டன. அதன் விளிம்பு மட்டுமே பூமியை உரசியது. கிளம்பிய இடத்தை வைத்துப் போகும் பாதையைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இந்நிகழ்வு நல்ல பாடம்.

மூன்றாம் படியே தீர்ப்பு. பூமியிலிருந்து சூரியனை நோக்கி 15 லட்சம் கி.மீ. தொலைவில், எல்-1 என்னும் ஈர்ப்புச் சமநிலைப் புள்ளியின் அருகே ஏஸ், டிஸ்கவர் ஆகிய விண்கலங்கள் இயங்கி வந்துள்ளன. இந்தியாவின் ஆதித்யா-எல்1, 2023 செப்டம்பர் 2இல் ஏவப்பட்டு 2024 ஜனவரி 6இல் அங்கே நிலைகொண்டது. துகள்களை அளக்கும் கருவிகளோடு காந்தமானியும் அதில் உண்டு. வீச்சின் காந்தப்புலம் வடக்கு நோக்கியதா தெற்கு நோக்கியதா என்பது இந்தக் கலங்களைக் கடக்கும்போதுதான் உறுதியாகத் தெரிகிறது. நொடிக்கு 500 கி.மீ. வேகத்தில் வரும் காற்று அங்கிருந்து பூமியை அடைய 50 நிமிடம், 800 கி.மீ. வேகமானால் அரைமணிக்குச் சற்றே கூடுதல். ஆக, ஒளிக்குச் சாவியான அந்த ஒரு திசையை அறிந்தபின் கைவசம் இருப்பது இவ்வளவு நேரம்தான். ஒரே வீச்சுக்குள்ளும் புலத்தின் திசை மணிக்கு மணி மாறலாம். ஏமாற்றமான இரவுகள் பலவற்றிற்குக் காரணம் இது. புயல் வந்துதான் இருக்கும். அதன் புலம் வடக்கு நோக்கியிருந்திருக்கும்.

குறியீடுகள் சொல்வதும் சொல்லாததும்

துருவ ஒளி தேடுபவர்கள் முதலில் பார்ப்பது கே.பி. என்னும் எண்ணை. 1949இல் ஜெர்மானியர் யூலியஸ் பார்ட்டெல்ஸ் வகுத்தது இது. உலகெங்கும் உள்ள 13 காந்த ஆய்வகங்களின் பதிவுகளைச் சேர்த்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 0 முதல் 9 வரை மதிப்பிடுகிறார்கள். கே.பி. 5 என்றால் ஜி-1. 9 என்றால் ஜி-5.

எண் நல்ல எண்தான். ஆனால் அது உலகம் முழுமைக்கும் ஒன்று. மூன்று மணி நேரத்துக்கு ஒன்று. துணைப்புயலின் உச்சமோ பத்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். எண் ஏறும்போது ஒளி ஏற்கெனவே வந்து போயிருக்கலாம். இக்குறையைத் தீர்க்கவே பாட்ஸ்டாமில் உள்ள ஆய்வு மையம் அரைமணி நேரத்துக்கான குறியீட்டையும் வெளியிடுகிறது. அமெரிக்க மையத்தின் ஓவேஷன் மாதிரி, எல்-1 தரவைக் கொண்டு அடுத்த 30 முதல் 90 நிமிடங்களில் ஒளி எங்கே படரும் என்று வரைபடம் தருகிறது. நாளைக்கான கே.பி. எண்ணைவிட, இந்த நிமிடத்தின் காந்தத் திசையும் அருகிலுள்ள காந்தமானியின் கோடும் பல மடங்கு பயனுள்ளவை. திசை தெற்கு நோக்கித் திரும்பி அரைமணி, ஒரு மணி என நிலைத்திருந்தால் வெளியே போகத் தயங்கவே கூடாது.

நிற்கும் இடம்

துருவ ஒளி துருவத்தின் நடுவில் தோன்றுவதில்லை. காந்த முனையைச் சுற்றிய நீள்வட்ட வளையத்தில் தோன்றுகிறது. நார்வேயின் டிரோம்சோ, சுவீடனின் அபிஸ்கோ, கனடாவின் எல்லோநைஃப், அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் ஆகியவை அந்த வளையத்தின் அடியிலேயே இருக்கின்றன. அங்கே புயல் தேவையில்லை, கே.பி. 2 போதும். புயலின்போது வளையம் வீங்கித் தெற்கே இறங்குகிறது. ஒளி இருக்கும் இடத்துக்கு நாம் போவது ஒரு முயற்சி. ஒளி நம்மிடம் வரும் இரவுக்காகக் காத்திருப்பது வேறொரு முயற்சி. இரண்டுக்கும் தேவைப்படும் அறிவு வேறு.

இங்கே புவியியல் அகலாங்கைவிடக் காந்த அகலாங்கே முக்கியம். சிகாகோவும் ரோமும் பூமத்திய ரேகையிலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் உள்ளவை. ஆனால் காந்த முனை வட அமெரிக்கப் பக்கமாகச் சாய்ந்திருப்பதால் சிகாகோவுக்குக் கிடைக்கும் வாய்ப்பு ரோமுக்கு அரிது.

வளையம் தலைக்கு மேல் வரவேண்டும் என்பதும் இல்லை. 400 கி.மீ. உயரத்தில் உள்ள சிவப்பு ஒளி, தொடுவானம் திறந்திருந்தால், 2200 கி.மீ.க்கு அப்பாலிருந்தும் தெரியக்கூடும். 100 கி.மீ. உயரத்துப் பச்சை பாதித் தொலைவிலேயே பூமியின் வளைவுக்குள் மறைந்துவிடும். டைபீரியஸ் காலத்து வீரர்கள் முதல் ஹான்லேயின் கேமராக்கள் வரை தெற்கே நின்று பார்த்தவர்களுக்கெல்லாம் சிவப்பே கிடைத்ததன் காரணம் இந்த வடிவியல்தான். ஏறத்தாழ 4500 மீட்டர் உயரமும் வறண்ட காற்றும் இருள் காப்பகம் என்ற பாதுகாப்பும் ஹான்லேக்கு உதவின.

தமிழ்நாடு இதன் மறுமுனையில் இருக்கிறது. காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. தும்பா ஏவுதளத்தை அங்கே அமைத்ததற்கும் அதுவே காரணம். துருவ ஒளி நம் வானில் தெரியாது. ஆனால் அதே புயலின் அதிர்வைத் திருநெல்வேலியில் உள்ள இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் பதிவு செய்கிறது. ஒளிக்கு மூலமான கரும்புள்ளிகளைக் கொடைக்கானல் ஆய்வகம் நூறாண்டுக்கு மேலாகப் படமெடுத்து வருகிறது. கரும்புள்ளியில் வாயு ஆரத்திசையில் பாய்வதை 1909இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்ததும் அங்கேதான்.

இடத்தோடு பருவமும் சேர வேண்டும். 2024 மே 10 அன்று டிரோம்சோவில் நள்ளிரவிலும் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 3 பாகைகூட இறங்கவில்லை. இருபது ஆண்டுகளில் வந்த மிகப்பெரிய புயல், துருவ ஒளியின் தலைநகரில் வெளிச்ச வானத்தில் கரைந்துபோனது. குளிர்காலத்தை நெருங்கிக்கொண்டிருந்த டாஸ்மேனியாவும் நியூசிலாந்தும் தென்துருவ ஒளியை இருண்ட வானில் கண்டன. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், பகலும் இரவும் சமமாகும் நாள்களை ஒட்டி, பூமியின் சாய்வு தெற்கு நோக்கிய புலத்துக்குச் சாதகமாக அமைகிறது. இதை 1973இல் ரஸ்ஸலும் மெக்ஃபெரனும் விளக்கினார்கள். மார்ச்சும் செப்டம்பர், அக்டோபரும் நல்ல மாதங்கள் என்பதற்குப் பின்னால் இந்த இயற்பியல் இருக்கிறது.

கண்ணும் கேமராவும்

படங்களில் பார்த்த செக்கச்சிவந்த வானத்தை எதிர்பார்த்துப் போனவர், நேரில் சாம்பல் மேகம்போல் ஒன்றை மட்டும் கண்டு திரும்புவது உண்டு. இதில் படத்தின் பொய்யும் இல்லை, கண்ணின் குறையும் இல்லை. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணின் கோல் செல்கள்தான் வேலை செய்கின்றன. அவற்றால் நிறம் பிரித்தறிய முடியாது. 630 நானோமீட்டர் சிவப்புக்கு அவை கிட்டத்தட்டக் குருடு. கேமராவோ பத்து நொடி ஒளியைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஒளி வலுத்தால் கூம்பு செல்களும் விழித்துக்கொள்ளும். அப்போது கண்ணுக்கே பச்சை தெரியும், வலிய புயலில் சிவப்பும் தெரியும்.

கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். கைப்பேசித் திரையை ஒருமுறை பார்த்தாலும் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். எனவே இரண்டையும் முறையாகப் பயன்படுத்த வேண்டும். மேகமா ஒளியா என்ற ஐயம் எழுந்தால், கைப்பேசியை இரவுப் பயன்முறையில் அசையாமல் வைத்து வடக்கு நோக்கி ஒரு படம் எடுத்தால் போதும். பச்சையோ சிவப்போ உடனே காட்டிக் கொடுத்துவிடும். கேமராவானால் முக்காலி, அகலத் திறந்த லென்ஸ், நட்சத்திரத்தின் மேல் குவியம், 5 முதல் 15 நொடி வரை ஒளியேற்பு. அதன் பிறகு கருவியை விட்டுவிட்டுக் கண்ணால் பார்க்க வேண்டும்.

காத்திருப்பின் ஒழுங்கு

இதுவரை கண்டவற்றிலிருந்து நடைமுறை ஒழுங்கு ஒன்று கிடைக்கிறது. இரண்டு நாள் முன்பு வரும் எச்சரிக்கையை ஆயத்தத்துக்கான அழைப்பாக மட்டும் கொள்ள வேண்டும்: இருளான, வடக்குத் தொடுவானம் மறையாத இடத்தைப் பகலிலேயே பார்த்து வைப்பது, மேகக் கணிப்பைக் கவனிப்பது, நிலவு எப்போது மறையும் என்று அறிவது. 2024 மே புயல் அமாவாசைக்கு இரண்டு நாள் கழித்து வந்தது; அந்தப் பேறு எல்லாப் புயலுக்கும் வாய்க்காது. அன்றிரவு முடிவெடுக்க வேண்டியது எல்-1 தரவைப் பார்த்து. வெளியே போனபின் முதல் வெடிப்பு அடங்கியதும் வீடு திரும்பிவிடக் கூடாது. துணைப்புயல்கள் சில மணி நேர இடைவெளியில் மீண்டும் வரும். உள்ளூர் நள்ளிரவை ஒட்டிய மணிகளே வளமானவை.

வாய்ப்புகளும் முடிந்துவிடவில்லை. 2019 டிசம்பரில் தொடங்கிய 25ஆம் சூரியச் சுழற்சி 2024இல் உச்சத்தை எட்டியது. இறங்குமுகத்திலும் பெரும்புயல்கள் வரும். 2003 அக்டோபர் புயல் அப்படி வந்ததுதான்.

பார்ப்பவரின் பங்கு

இந்தத் துறையில் எளிய பார்வையாளரின் குறிப்புக்கு மெய்யான மதிப்பு உண்டு. கனடாவின் ஆல்பர்ட்டாவில் துருவ ஒளி தேடும் ஆர்வலர்கள், கிழக்கு மேற்காக நீளும் ஊதாப் பட்டை ஒன்றைப் பல இரவுகள் படமெடுத்தார்கள். ஸ்டீவ் என்று அவர்கள் விளையாட்டாக இட்ட பெயரே நிலைத்தது. ஸ்வார்ம் செயற்கைக்கோள் அதன் ஊடே பறந்தபோது, ஏறத்தாழ 3000 பாகை செல்சியஸ் சூட்டில் விரைந்தோடும் வாயு ஓடையை அளந்தது. 2018இல் எலிசபெத் மெக்டொனால்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் அந்த ஆர்வலர்களின் படங்கள் ஆதாரமாயின. மெக்டொனால்ட் நிறுவிய அரோராசாரஸ் திட்டம், ‘பார்த்தேன்’ என்ற குறிப்பைப் போலவே ‘பார்க்கவில்லை’ என்ற குறிப்பையும் கேட்டு வாங்குகிறது. ஒளி எதுவரை இறங்கியது என்ற எல்லைக்கோட்டை வரைய இரண்டும் வேண்டும்.

முடிவுரை

துருவ ஒளியைக் காணும் முயற்சியில் நம் அறியாமை எங்கே இருக்கிறது என்று இப்போது துல்லியமாகச் சொல்ல முடிகிறது: வீச்சு சூரியனை விட்டுக் கிளம்பி எல்-1ஐ அடையும்வரை அதன் காந்தத் திசையைத் தொடர்ந்து அளக்க வழியில்லை. இந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சிகள் நடக்கின்றன. அமெரிக்கா 2025 செப்டம்பரில் எல்-1க்குப் புதிய விண்வெளி வானிலைக் கலத்தை அனுப்பியது. சூரியனைப் பக்கவாட்டிலிருந்து கண்காணிக்கும் விஜில் கலத்தை 2031இல் ஏவ ஐரோப்பிய விண்வெளி முகமை திட்டமிட்டுள்ளது. 1989 மார்ச் புயலில் 90 நொடிகளில் இருண்ட கியூபெக்கின் மின்கட்டமைப்பும், அதனால் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்த 60 லட்சம் மக்களும் இந்த ஆய்வின் அவசரத்துக்குச் சான்று. ஒளியை முன்னறிவதும் ஆபத்தை முன்னறிவதும் ஒரே அறிவியல்.

அதுவரை எச்சரிக்கையை வாக்குறுதியாகக் கொள்ளாமல் வாய்ப்பாகக் கொள்வதே அறிவுக்கு உகந்தது. வெறும் வானத்தைப் பார்த்துத் திரும்பும் இரவும் வீணில்லை. நின்ற இடம், நேரம், திசை, மேகம் ஆகியவற்றைக் குறித்துவைத்து, ‘தெரியவில்லை’ என்று நேர்மையாகப் பதிந்தால், அடுத்த முன்னறிவிப்பைச் சரிபார்க்க அந்தக் குறிப்பும் துணை நிற்கும்.